40 வயது அம்பாசடருக்கு எந்த ஆயில்? டப்பா மருந்து வேண்டுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய 1984 அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. வருடத்துக்கு 1500 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். சந்தைக்கும் கோயிலுக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டம்தான் பெரும்பாலும். மாதம் ஒருமுறை சேலம் போய்த் திரும்புவார்கள். அவர் சொல்லும் குறைகள் மூன்று. இன்ஜின் மேல்பக்கம் 'டிக் டிக்' சத்தம். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் ஏறிவந்து சுங்கச்சாவடியில் நின்றால் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. மெக்கானிக் 20டபிள்யூ-40 போதும் என்கிறார். ஓசூரில் வேலை செய்யும் மகன் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் நான்கு லிட்டர் கேன் வாங்கி வந்துவிட்டார். கிருஷ்ணகிரி ஸ்பேர்ஸ் கடையில் இரண்டு டப்பாக்களைக் காட்டுகிறார்கள்: ஒன்று ஜிங்க் கலந்தது, மற்றொன்று ஒழுகலை நிறுத்தித் தேய்மானத்தைத் தடுக்கும் என்று எழுதிய கெட்டியான திரவம். எதை ஊற்றுவது?

அன்புள்ள ஐயா,

மகன் வாங்கிய கேனை இந்த வண்டியில் ஊற்றாதீர்கள். கடையில் காட்டிய இரண்டு டப்பாக்களையும் இப்போது வாங்காதீர்கள். மினரல் 20டபிள்யூ-50 ஆயில், புது ஃபில்டர், வால்வு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஒரு ஃபீலர் கேஜ் மூன்றையும் முதலில் வாங்குங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் இனி எந்தக் கடைக்காரர் எதை நீட்டினாலும் நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

உங்கள் இன்ஜின் 1950-களில் இங்கிலாந்தில் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைத்த 'பி சீரீஸ்' குடும்பம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. இந்த இன்ஜினின் உள்ளமைப்போ 50-களின் சிந்தனை. வால்வுகளைத் திறக்கவைக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள் பக்கவாட்டில் இருக்கிறது. அதன் மேடு ஒவ்வொன்றும் ஒரு டேப்பெட்டின் தட்டையான அடிப்பாகத்தை உரசித் தள்ளும். டேப்பெட் புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வைத் திறக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் இந்த இடத்தில் உருளும் சின்ன ரோலர் இருக்கிறது. உங்கள் வண்டியில் உருளல் கிடையாது, உரசல்தான். வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டில் வந்து விழுகிறது. அந்தக் கோட்டில் ஆயில் படலம் மட்டும் நின்று தாங்காது.

அங்கே தாங்குவது ஒரு ரசாயனம். ஜிங்க் டைஅல்கைல் டைதையோபாஸ்பேட், சுருக்கமாக இசட்.டி.டி.பி. 1940-களிலிருந்து இன்ஜின் ஆயிலில் இருக்கிறது. உரசும் இடத்தில் சூடும் அழுத்தமும் சேரும்போது இது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலத்தைப் படியவைக்கும். தேய்வது அந்தப் படலம், இரும்பு தப்பிக்கும். தேய்ந்த இடத்தில் ஆயிலிலிருந்து மறுபடி புதுப்படலம் படியும். கடையில் 'ஜிங்க், ஜிங்க்' என்று சொன்னாலும் படலத்தைக் கட்டும் முக்கிய வேலை பாஸ்பரஸுடையது. கேனுக்குப் பின்னாலோ நிறுவனத்தின் தகவல் தாளிலோ பார்க்கவேண்டிய எண் அதுதான்.

அந்தப் பாஸ்பரஸை ஏன் குறைத்தார்கள்? ஆயில் கொஞ்சம் எரிந்து புகையோடு போகும்போது பாஸ்பரஸ் சைலன்சர் பக்கம் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. அதனால் படிப்படியாக வரம்பு வைத்தார்கள். 90-களின் தொடக்கத்தில் 0.12 சதவீதமாக இருந்த உச்சவரம்பு பிறகு 0.10 ஆனது, 2004-ல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) எஸ்.எம். தரத்தோடு 0.08 ஆனது. உங்கள் அம்பாசடரில் கன்வெர்ட்டரே கிடையாது. கெடுவதற்கு எதுவும் இல்லாத வண்டிக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையும் இல்லை.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. அந்த 0.08 வரம்பு எல்லா ஆயிலுக்கும் அல்ல. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான் உச்சவரம்பு. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ரகங்களுக்கு, பெட்ரோல் இன்ஜின்களுக்கான ஏ.பி.ஐ. எஸ். வரிசையில் குறைந்தபட்சம் 0.06 இருக்கவேண்டும் என்பது மட்டும்தான். மேலே கட்டுப்பாடு இல்லை. 'புது ஆயில் எதிலும் ஜிங்க் இல்லை, டப்பா ஊற்றியே ஆகவேண்டும்' என்ற பேச்சு, கெட்டி ரக ஆயில்களைப் பொறுத்தவரை சரியல்ல. நல்ல 20டபிள்யூ-50 பலவற்றில் 0.10 முதல் 0.12 வரை பாஸ்பரஸ் உண்டு. உங்கள் கேமுக்கு அதுவே போதும். தகவல் தாளில் ஜிங்க் மட்டும் போட்டிருந்தால், பாஸ்பரஸ் அதைவிடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜிங்க் 0.12 என்றால் பாஸ்பரஸ் ஏறக்குறைய 0.11.

கேனைத் திருப்பினால் ஒரு வட்ட முத்திரை இருக்கும். மேல் வளைவில் தரம், நடுவில் கெட்டி எண். கீழ் வளைவில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' அல்லது 'எனர்ஜி கன்சர்விங்' என்று இருந்தால் அது பெட்ரோல் மிச்சத்துக்காகச் செய்த ஆயில். இந்த வண்டிக்கு வேண்டாம். முன்பக்கம் பல்சக்கரம் போன்ற விளிம்புள்ள முத்திரை இருந்தாலும் வேண்டாம். மகன் வாங்கிய 5டபிள்யூ-30 பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும். அவர் தப்பான பொருள் வாங்கவில்லை. அவருடைய புது காரின் கையேட்டில் அதே தரம் கேட்டிருந்தால் அங்கே ஊற்றிக்கொள்ளட்டும்.

பாஸ்பரஸ் ஒருபக்கம் இருக்கட்டும், கெட்டித்தன்மை இதைவிடப் பெரிய விஷயம். 20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிருக்கானது. 20டபிள்யூ என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்ப்பார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் கிடையாது. 5டபிள்யூ, 0டபிள்யூ என்பதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நம் ஊரில் வீண். இரண்டாம் எண்தான் நமக்கு முக்கியம். ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது: 30 ரகம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு), 40 ரகம் 12.5 முதல் 16.3, 50 ரகம் 16.3 முதல் 21.9. உங்கள் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். 40 வருடத் தேய்மானத்தில் இடைவெளி விரிந்திருக்கும். விரிந்த இடைவெளியில் மெல்லிய ஆயில் நிற்காது, வழிந்துவிடும், அழுத்தம் விழும். தொப்பூர் மேட்டில் மூன்றாம் கியரில் இழுத்து ஏறும்போது ஆயில் நன்றாகக் கொதித்து இளகுகிறது. சுங்கச்சாவடியில் நின்றதும் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டும் சேர்ந்துதான் விளக்கு மினுக்குகிறது.

உங்கள் மெக்கானிக் சொல்லும் 20டபிள்யூ-40 தவறல்ல. புதிதாக போர் செய்து, கிராங்க் கிரைண்ட் செய்து, பேரிங் மாற்றிய இறுக்கமான இன்ஜினுக்கு நானும் அதையே சொல்வேன். சூட்டில் விளக்கு மினுக்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50.

நெடுஞ்சாலை ஓரத்தில் எல்லா இடத்திலும் கிடைப்பது லாரி ஆயில். அதைப் பற்றியும் சொல்லவேண்டும். டீசல் வண்டிகளுக்கான சி.ஐ.-4 தர 15டபிள்யூ-40 ஆயிலில் பாஸ்பரஸ் தாராளமாக இருக்கும். கேனில் 'சி.ஐ.-4' என்பதோடு 'எஸ்.எல்.' போன்ற பெட்ரோல் தரமும் சேர்த்து எழுதியிருந்தால் பெட்ரோல் அம்பாசடருக்கு நல்லதுதான். இரண்டு எச்சரிக்கைகள். அதில் அழுக்குக் கரைக்கும் பொருள் அதிகம். பல வருடம் சாதா ஆயிலில் ஓடிய இன்ஜினில் ஊற்றினால் படிந்த கசடு கிளம்பும். முதல்முறை 500 கிலோமீட்டரிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடவேண்டும். இன்னொன்று, வண்டி ஆயில் குடித்து நீலப்புகை விட்டால் அந்தச் சாம்பல் பிளக்கில் படியும். அப்படிப்பட்ட வண்டிக்கு வேண்டாம். பைக்குக்கு விற்கும் 20டபிள்யூ-40, வழியில் ஆயில் குறைந்தால் அரை லிட்டர் சேர்க்க உதவும். முழுக்க அதையே ஊற்ற வேண்டியதில்லை.

இனி டப்பா. ஜிங்க் டப்பாவை ஊற்றுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப்பாருங்கள். நான்கு லிட்டர் ஆயிலின் எடை சுமார் 3.5 கிலோ. பாஸ்பரஸ் 0.08 சதவீதம் என்றால் அதில் இருப்பது 2.8 கிராம். 0.12-க்குக் கொண்டுபோக 4.2 கிராம் வேண்டும். குறைவது 1.4 கிராம் மட்டுமே. டப்பாவில் 7 சதவீதம் பாஸ்பரஸ் இருந்தால் 20 கிராம் போதும், நான்கு டீஸ்பூன்கூட வராது. டப்பாவில் 1 சதவீதம்தான் என்றால் 140 கிராம் ஊற்றவேண்டும். சதவீதமே எழுதாத டப்பாவில் என்ன கணக்குப் போடுவீர்கள்? அதனால்தான் வாங்காதீர்கள் என்றேன்.

'கொஞ்சம் கூடினால் என்ன, பாதுகாப்புதானே' என்றும் தோன்றும். ஏற்கெனவே 0.12 உள்ள நல்ல 20டபிள்யூ-50-ல், 7 சதவீத டப்பா ஒன்றை 100 கிராம் கவிழ்த்தால் மொத்தம் 0.3 சதவீதத்தைத் தாண்டிவிடும். 0.2-க்கு மேல் போனாலே அந்த ரசாயனம் காப்பதை விட்டு இரும்பை அரிக்கத் தொடங்குகிறது. கேம் மேட்டில் சின்னச் சின்னச் செதில்களாகப் பெயரும். எதைத் தடுக்க ஊற்றினோமோ அதையே வரவழைத்த கதையாகிவிடும். மேலும் நல்ல ஆயில் என்பது அழுக்குக் கரைப்பான், நுரையடக்கி, துருத்தடுப்பான் எல்லாம் அளந்து சேர்த்த கூட்டு. வெளியிலிருந்து ஒன்றைக் கொட்டினால் மற்றதன் வேலை கெடும். அழுக்குக் கரைப்பானும் இசட்.டி.டி.பி.யும் அதே இரும்புப் பரப்பில் இடம் பிடிக்கத்தான் போட்டி போடுகின்றன.

ஜிங்க் சேர்மானத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: புது கேம்ஷாஃப்ட் போட்ட முதல் அரைமணி நேரம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெட்டித் திரவ டப்பா விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். அது தேன்போல ஆயிலைத் தடிப்பாக்கும். விளக்கு அணையும், சத்தம் அடங்கும், நோய் அப்படியே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் தடித்த ஆயில் ராக்கர் ஷாஃப்டுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். இந்த இன்ஜினில் ஆயில் கடைசியாக எட்டும் இடம் அதுதான். டெஃப்லான் தூள் கலந்தவை, ஐந்து நிமிடத்தில் உள்ளே கழுவிவிடும் 'இன்ஜின் ஃபிளஷ்' இரண்டுக்கும் இதே பதில். ஃபிளஷ் ஊற்றினால், இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் வருடக்கணக்காகத் தூங்கும் கசடு ஒரே மூச்சில் எழுந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். அப்புறம் பேரிங் போய்விடும்.

ஒழுகலை நிறுத்தும் டப்பா ரப்பர் சீலை உப்பவைத்து வேலை செய்கிறது. உங்கள் இன்ஜினின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது! கிராங்கின் பின்முனையில் திருகு மரை மாதிரிப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பித் தள்ளும். இன்ஜின் நின்றதும் தள்ள ஆளில்லை, நான்கைந்து சொட்டு இறங்கும். அது இந்த இன்ஜினின் பிறவிக்குணம். அட்டை ஒன்றைக் கீழே விரித்துவிட்டுக் கவலைப்படாமல் இருங்கள். ஓரிரவில் உள்ளங்கை அளவு குட்டை கட்டினால்தான் தேடவேண்டும்.

அப்போதும் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், ஒழுகுவது அங்கேதானா என்று பாருங்கள். பக்கவாட்டு டேப்பெட் மூடிகளின் கார்க் கேஸ்கெட், ராக்கர் மூடியின் கார்க் இரண்டில் எது கசிந்தாலும் ஆயில் பிளாக் வழியே பின்னால் ஓடி அதே இடத்தில்தான் சொட்டும். மண்ணெண்ணெய் தொட்டு இன்ஜினை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். டேப்பெட் மூடி போல்ட்டை 'இன்னும் கொஞ்சம்' என்று முறுக்காதீர்கள். தகடு வளைந்து முன்பைவிட அதிகமாக ஒழுகும். புது கார்க், நேரான தகடு, அளவான இறுக்கம்.

அதோடு மூச்சுக்குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். முன்பக்க டேப்பெட் மூடியோடு இருக்கும் அந்தக் குழாய் அடைத்தால் உள்ளே காற்று அழுத்தம் கூடி, பின்மரை வழியாக ஆயிலை வெளியே தள்ளும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதை. பலருடைய 'பின்பக்க லீக்' இந்த இரண்டில் தீர்ந்துவிடும்.

சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ராக்கர் மூடியைக் கழற்றி, ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் உள்ள இடைவெளி பாருங்கள். இந்த 1489 சி.சி. இன்ஜினுக்கு வழக்கமான அளவு 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர், உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. ஒன்பது கணக்கு நினைவிருக்கட்டும்: முன்பக்கத்திலிருந்து எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்தால் மூன்றாவது, இப்படிக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. பழைய ராக்கரில் ஒரு ஏமாற்று உண்டு. வால்வு நுனி படும் இடத்தில் ராக்கரில் குழி விழுந்திருக்கும். அகலமான ஃபீலர் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போட்டது போல நிற்கும். தகடு 15 என்று சொல்லும், உண்மையான இடைவெளி 20, 25 இருக்கும். எத்தனைமுறை செட் செய்தாலும் சத்தம் போகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வால்வு நுனியைவிடக் குறுகலாக வெட்டிய ஃபீலர் தகட்டால் அளவெடுங்கள். குழி இருந்தால் ராக்கரின் முனையை லேத்தில் தேய்த்துச் சரிசெய்யலாம், அல்லது வேறு ராக்கர் போடலாம்.

எட்டு வால்வின் அளவையும் ஒரு தாளில் எழுதிவைத்து, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி எடுத்துப்பாருங்கள். இந்தத் தாள் எந்த டப்பாவைவிடவும் மதிப்புள்ளது. எதுவும் மாறவில்லை என்றால் கேம் நன்றாக இருக்கிறது, நிம்மதியாக ஓட்டலாம். ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அங்கே கேம் மேடோ டேப்பெட்டோ தேய்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளில், அதாவது 1, 4, 5, 8-ல் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், வால்வு வந்து உட்காரும் இடமான வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்கிறது. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டைக் காத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். உங்கள் 1500 கிலோமீட்டர் மெது ஓட்டத்துக்கு ஈயத்துக்குப் பதிலான பெட்ரோல் மருந்து தேவையில்லை. எப்போதாவது ஹெட்டை இறக்கும்போது கடினமான சீட் வளையம் அடித்துவிடுங்கள்.

இடைவெளி கூடும் வால்வு இருந்தால் டயல் கேஜ் வைத்து எட்டு வால்வும் எவ்வளவு உயர்கின்றன என்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.3 மில்லிமீட்டர் குறைந்தால் அந்த மேடு போய்விட்டது. கேமின் மேல்தோல் மட்டும்தான் கடினமானது. அது தேய்ந்து உள்ளே மெத்தென்ற இரும்பு தெரிந்த பிறகு எந்த ஆயிலும் எந்த ஜிங்கும் அதைத் திரும்பக் கட்டாது. பக்கவாட்டு மூடிகளைத் திறந்து, ராக்கர் ஷாஃப்டையும் புஷ்ராடையும் எடுத்தால் டேப்பெட்டுகளை மேலே தூக்கிப் பார்த்துவிடலாம். எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துவைத்து, அதே இடத்தில்தான் போடவேண்டும். அடிப்பாகத்தில் குழியோ செதிலோ இருந்தால் கேமும் போயிருக்கும்.

கேம் மாற்ற நேர்ந்தால் டேப்பெட் எட்டும் புதிது. பழைய டேப்பெட் புதுக் கேமைத் தின்றுவிடும். லேத்தில் டேப்பெட்டைத் தட்டையாகத் தேய்த்துத் தரச் சொல்லாதீர்கள். அந்த அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்தது. அந்தக் குவிவால்தான் டேப்பெட் தானே சுழல்கிறது. சுழலாத டேப்பெட் ஒரே கோட்டில் தேய்ந்து சில நூறு கிலோமீட்டரில் முடிந்துவிடும். மேடுகளுக்கு மாலிப்டினம் பசை தடவி, நல்ல 20டபிள்யூ-50-ல் புதுக் கேமுக்கென்றே விற்கும் ஜிங்க் சேர்மானத்தை அதில் சொன்ன அளவு சேருங்கள். ஸ்டார்ட் ஆன உடனே 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐடிலில் விடாதீர்கள், மெதுவான சுற்றில்தான் மேட்டின் மேல் அழுத்தம் அதிகம், தெறிக்கும் ஆயில் குறைவு. அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், 800 கிலோமீட்டரில் இன்னொருமுறை. அதன்பின் சாதாரண 20டபிள்யூ-50 போதும், சேர்மானம் வேண்டாம்.

ஆயில் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது பொதுவாக ஆயில் அழுத்தம் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.க்கு (டயர் காற்றுக்குச் சொல்லும் அதே அலகு) விழுந்தால்தான் எரியும், எரியும்போது ஏற்கெனவே தாமதம். சுவிட்ச் இருக்கும் இடத்தில் தற்காலிகமாக ஒரு அழுத்த கேஜ் மாட்டி, நன்றாகச் சூடான இன்ஜினில் பாருங்கள். ஓட்டத்தில் 50 பக்கம், ஐடிலில் 15 பக்கம் இருந்தால் நல்ல நிலை. பட்டறைக் கணக்கு, ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் 10. அழுத்தம் நன்றாக இருந்தும் விளக்கு மினுக்கினால் சுவிட்சை மாற்றுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால், பிளாக்கின் பின்பக்க இடது ஓரத்தில் குவிந்த தலையுள்ள நட்டைக் கழற்றுங்கள். உள்ளே ரிலீஃப் வால்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். கசடு சிக்கினால் வால்வு சரியாக மூடாது. துடைத்துப் போட்டும் ஏறவில்லை என்றால் சம்ப்பை இறக்கி பேரிங் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

டிப் ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாசம் அடித்தால், இன்ஜின் பக்கத்தில் கேமால் இயங்கும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் நேராகச் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீராக்கும். எத்தனால் 20 சதவீதம் கலந்த இன்றைய பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்குவதில்லை. டயஃப்ரம் செட்டையும் பெட்ரோல் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இது சரியாகாமல் எவ்வளவு விலையுயர்ந்த ஆயில் ஊற்றினாலும் பயனில்லை.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று உண்டு: கிரானைட் தூசி. குவாரி லாரிகள் ஓடும் சாலையில் வரும் அந்தத் தூள் எஃகையே அறுக்கும். ஏர் கிளீனர் வழியே நுழைந்தால் ரிங்கையும் போரையும் தேய்த்துவிட்டு ஆயிலில் கலந்து பேரிங்குக்குப் போகும். உங்கள் வண்டியில் ஆயில் தொட்டி வகை ஏர் கிளீனர் இருந்தால், இன்ஜினுக்கு ஊற்றும் அதே ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள். ஆயில் மாற்றும் ஒவ்வொருமுறையும் தொட்டியைக் கழுவுங்கள். மாம்பழ சீசனில் தோட்டத்து மண்பாதைகளில் ஓடினால் நடுவில் ஒருமுறை கூடுதலாக.

ஆயில் மாற்றுவது எப்படி என்று உங்கள் மெக்கானிக்குத் தெரியும். அவர் அவசரத்தில் விட்டுவிடக்கூடியதை மட்டும் சொல்கிறேன். 20 கிலோமீட்டர் ஓடிய சூட்டோடு டிரெயின் போல்ட்டைத் திறந்து 20 நிமிடம் வடியவிடவேண்டும். போல்ட்டின் செம்பு வாஷர் புதிது. ஃபில்டர் கிண்ணத்துக்குள் போடும் வகை என்றால் அதன் ரப்பர் வளையத்தை ஊசியால் கிளப்பி எடுத்துவிட்டுப் புதியது போடவேண்டும். பழையதன் மேலேயே புதியதை வைத்தால் ஓடும்போது பிதுங்கி, ஆயில் முழுக்க ரோட்டில் போய்விடும். மூன்றரை லிட்டர் ஊற்றி, காயில் வயரைக் கழற்றி விளக்கு அணையும்வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கின் மேல்கோடு வரை மட்டும் நிரப்புங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? 3000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. உங்களுக்கு எப்போதும் வருடம்தான் முந்தும். ஃபுல் சிந்தெடிக்கின் நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் பணம் இதனால்தான் வீண். சிந்தெடிக் பழைய இன்ஜினைக் கெடுக்கும் என்பதால் அல்ல. சந்தைக்குப் போய்வரும் மூன்று கிலோமீட்டரில் தண்ணீர் முள் ஏறினாலும் ஆயில் சூடேறியிருக்காது. உள்ளே வியர்த்த நீர் ஆவியாகாமல் ஆயிலில் தங்கும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரிப் படிவது அதுதான். இசட்.டி.டி.பி. படலம் கட்டவும் சூடு வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாலக்கோடு வரையாவது ஓட்டி, 20, 25 கிலோமீட்டர் ஒரே ஓட்டமாக முடித்து வாருங்கள். வெளியூர் போய் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றுங்கள், திரும்பி வந்த பிறகு அல்ல. பழைய ஆயிலில் ஊறும் அமிலம்தான் பேரிங்கைத் தின்னும்.

ஆயிலைப் பெட்ரோல் பங்கிலோ நிறுவனத்தின் விநியோகஸ்தரிடமோ பில்லோடு வாங்குங்கள். சர்வோ, மேக், எச்.பி., கேஸ்ட்ரால் எதுவானாலும் மேலே சொன்ன தரமும் ரகமும் இருந்தால் போதும். பெயருக்காகச் சண்டை வேண்டாம். மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, அச்சு மங்கியிருந்தாலோ, தயாரித்த தேதி இல்லாவிட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலி கேனை அப்படியே எடைக்குப் போடாமல் ஓட்டை போட்டுப் போடுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அது தீனி. வடித்த பழைய ஆயிலைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ ஊற்றவே கூடாது. பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கும் பீப்பாயில் விடச் சொல்லுங்கள்.

முதலில் ஃபீலர் கேஜ் வேலையை முடித்து, அந்த எட்டு எண்களையும் சூட்டில் வந்த ஆயில் அழுத்தத்தையும் எழுதி அனுப்புங்கள். 500 கிலோமீட்டர் கழித்து எடுத்த எண்களும் வந்தால், கேமைத் திறந்து பார்க்கவேண்டுமா வேண்டாமா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.